அரக்கும் காற்றும்: கித்தார் மெருகின் வரலாறும் ஒரு தெளிப்பானின் தேர்வும்

நரம்புக் கருவிகளின் வரலாற்றை எழுதியோர் நரம்பைப் பற்றியும் பண்ணைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கின்றனர். கருவியின் உடலைப் பற்றி எழுதியோர் குறைவு. அவ்வுடலின்மேல் பூசிய மெருகைப் பற்றி எழுதியோர் மிகக் குறைவு. ஆனால் நம் முன்னோர் அதனைக் கவனியாமல் விட்டாரில்லை. முடத்தாமக்கண்ணியார் பொருநராற்றுப்படையில் யாழின் உறுப்புகளை வரிசைப்படுத்தும்போது, பத்தரை மூடிய தோலின் நிறத்தை விளக்குச் சுடருக்கு ஒப்பிடுகிறார். சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், தன்முன் கொணரப்பட்ட யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாக விலக்குகிறான். நீரில் நின்று இளகிய மரம் ஒன்று, வாளால் புண்பட்டது ஒன்று, இடி விழுந்தது ஒன்று என்று அவன் சொல்லும் குற்றங்களுள் முதலாவதை ஈண்டுக் குறித்துக்கொள்வோம். நரம்புக் கருவிக்கு நீரே முதற்பகை. மரத்தின்மேல் பூசப்படும் எந்த மெருகும், அழகுக்கு முன்னதாக, ஈரத்துக்கு எதிரான ஒரு வேலிதான்.

இக்கட்டுரைக்குக் காரணம் ஒரு கேள்வி. திசையன்விளையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் கித்தார் செய்யத் தொடங்கியிருக்கிறார். கோயில் பாடகர் குழுவில் வாசிப்பவர். தச்சுவேலை குடும்பத்தில் உண்டு. இரண்டு கித்தார்கள் மரநிலையில் முடிந்துவிட்டன. ஒன்று உள்ளீடற்ற பெட்டி கொண்டது. மற்றொன்று முழுக்கட்டையில் செய்த மின்கித்தார். “சார், எந்த ஸ்பிரே கன் வாங்கலாம்?” என்று நம்மிடம் கேட்டார். தமிழ் படிப்பிப்பவரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று தோன்றலாம். ஆயினும் அந்தக் கருவி எங்கிருந்து, யாருக்காக, என்ன தேவைக்காக வந்தது என்று தேடிப் பார்த்தபோது, எதை வாங்கலாம் என்பதற்கும் எதை வாங்க வேண்டியதில்லை என்பதற்கும் விடை அந்த வரலாற்றுக்குள்ளேயே கிடைத்தது.

கையால் இட்ட மெருகு

மெருகு என்றதும் நம் நாட்டில் முதலில் வருவது அரக்கு. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சியொன்று சுரக்கும் பிசின் அது. வாரணாவதத்து அரக்கு மாளிகையால் அதன் தீப்பற்றும் இயல்பை நாடே அறியும். அதன் மற்றோர் இயல்பு, சூட்டில் உருகி மரத்தைப் பற்றி, ஆறியதும் கண்ணாடி போல் இறுகுவது. பொருநைக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைவோர் இவ்வியல்பை வைத்தே தலைமுறைகளாகத் தொழில் செய்துவந்தனர். கடைசலில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வுச் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். தூரிகை வேண்டா, கரைப்பான் வேண்டா, காற்றில் ஒரு துளியும் வீணாவதில்லை. கன்னடநாட்டுச் சன்னபட்டணத்தில் இவ்வாறு பூசிய மெருகைத் தாழையோலையால் தேய்த்துப் பளபளப்பாக்குவர்.

ஆனால் உருண்டையாகக் கடையப்படுவதற்கே இம்முறை பொருந்தும். வீணையின் குடமும் கித்தாரின் இடையும் கடைசலில் சுழலா. அங்கே அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசுவதே வழி. தகடாக உலர்த்திய அரக்கை அவல்போல் நொறுக்கியதால் ‘அவலரக்கு’ என்று பெயர். அதனை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அப்பொதியால் வட்ட வட்டமாக, பல நாட்கள், பல நூறு முறை தேய்ப்பதையே நம் தச்சர்கள் ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் செல்வாக்குப் பெற்ற முறை அது. பெயர்தான் பிரெஞ்சு, பிசினில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலேறியது. அரக்கு வணிகத்தின் முக்கியத்துவம் கருதியே 1924-இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் இந்திய அரக்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. எழுபத்தெட்டுச் சுழல் இசைத்தட்டுகளும் அவலரக்கும் கற்பொடியும் கலந்து வார்த்தவையே. கே. பி. சுந்தராம்பாளின் குரலை நம் பாட்டனார் கேட்டதும் அரக்கின் வழியாகத்தான் என்பது நோக்கத்தக்கது.

இன்றைய கித்தாரின் வடிவத்தை நிலைப்படுத்தியவர் எனப்படும் அல்மேரியாவின் அந்தோனியோ தே தோரஸ் (1817–1892) வாழ்ந்தது இந்த அரக்கு மெருகின் காலத்தில். கித்தாரின் குரல் பெரிதும் முகப்பலகையிலேயே இருக்கிறது என்பது அவர் கருத்து. அதனை மெய்ப்பிக்க 1862-இல் பின்புறமும் பக்கங்களும் காகித அட்டையாலான ஒரு கித்தாரைச் செய்தார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. இதிலிருந்து மெருகுக்கு ஒரு விதி கிடைக்கிறது: முகப்பலகை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள மெல்லிய மரம். அதன்மேல் தடித்த பூச்சு ஏறினால் எடை கூடும், அதிர்வு தணியும். அரக்கு மெருகு மிக மெல்லிய படலம் என்பதால்தான் இன்றும் செவ்வியல் கித்தார் செய்வோர் பலர் அதனைக் கைவிடவில்லை.

ஸ்ட்ராடிவாரியின் வயலின்களைப் பற்றி உலவிய கதைகளும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன. அவற்றின் இனிமைக்கு மெருகின் இரகசியக் கலவையே காரணம் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 2009-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அவருடைய ஐந்து கருவிகளின் மெருகை நுண்ணாய்வு செய்து வெளியிட்ட முடிவில் கிடைத்தவை உலரும் எண்ணெய், ஊசியிலை மரப்பிசின், சில செந்நிறமிகள் மட்டுமே. அக்காலத்து ஓவியன் எவனும் கடையில் வாங்கக்கூடிய பொருள்கள். சிறப்பு பொருளில் இல்லை. பூசிய கையில் இருந்தது.

தொண்டை மருத்துவரின் கருவி

இனித் தெளிப்பானுக்கு வருவோம். அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்றொரு தொண்டை மருத்துவர் இருந்தார். நோயாளியின் தொண்டையில் பஞ்சால் மருந்து தடவுவது துன்பமாக இருந்ததால், ரப்பர்க் குமிழை அழுத்தி மருந்தைப் புகைபோலச் சிதறச்செய்யும் சிறு தெளிப்பானை 1880களின் இறுதியில் உருவாக்கினார். குழாயின் வாய்க்குக் குறுக்கே வேகமாகக் காற்று செல்லும்போது அங்கே அழுத்தம் குறையும். குழாயிலுள்ள நீர்மம் மேலேறிக் காற்றில் உடைந்து துளியாகும். தத்துவம் அவ்வளவே. வீடுகளில் கொசு மருந்து அடித்த கைப்பம்பும் இதே தத்துவத்தில் இயங்கியதுதான். அவர் மகன் தாமஸ், 1907-இல் இதே தத்துவத்தை வண்ணப்பூச்சுக்குப் பயன்படுத்தி, அழுத்தக் காற்றால் இயங்கும் கைத்தெளிப்பானைச் செய்தார்.

இதற்கு முன்பே சிகாகோவில் மற்றொரு முயற்சி நடந்திருந்தது. மார்ஷல் ஃபீல்டு என்ற பெருங்கடையின் பராமரிப்புப் பொறுப்பாளர் ஜோசப் பிங்ஸ், கடையின் நிலவறைச் சுவர்களுக்கு வெள்ளையடிக்க ஆள் போதாமல், 1887-இல் கைப்பம்பால் சுண்ணத்தைப் பீச்சும் பொறியை அமைத்தார். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் கட்டடங்களுக்குக் குறித்த நாளுக்குள் வெள்ளையடிக்க இம்முறை பயன்பட்டது. ‘வெண்ணகர்’ என்று அது பெயர் பெற்றதில் தெளிப்பு முறைக்கும் பங்குண்டு. சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சமயப் பேரவை இக்கண்காட்சியை ஒட்டிக் கூடியதே என்பதை வாசகர் அறிவர்.

ஆகத் தெளிப்பானுக்கு இரண்டு பிறப்பு. ஒன்று தொண்டையைக் காக்க. மற்றொன்று நாளைக் காக்க. இரண்டாவது தேவையே அதனைத் தொழிற்சாலைக்குள் கொண்டுசென்றது.

காரின் வண்ணம் கித்தாருக்கு வந்த கதை

தெளிப்பான் இருந்தும் அக்காலத்துப் பூச்சுகள் உலர வாரக்கணக்கில் ஆயின. மோட்டார் வண்டிகள் வண்ணம் காய்வதற்காகவே கிடங்குகளில் காத்துக் கிடந்தன. இச்சிக்கலை அவிழ்த்தது பருத்தி. பாசல் நகரில் 1846-இல் ஷோன்பைன் என்ற வேதியியலார் பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலங்களில் தோய்த்து வெடிபஞ்சைக் கண்டறிந்தார். நைட்ரஜன் சற்றுக் குறைந்த அதன் உறவுப் பொருள்தான் நைட்ரோசெல்லுலோஸ். திரைப்படச் சுருள் முதலில் இதனால் ஆனது. எளிதில் தீப்பற்றுவதும் தானே சிதைவதுமான இப்பொருளை நம்பி உருவான உலக மௌனப்படங்களில் பெரும்பகுதி இன்றில்லை. ஆர். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ படத்தின் பிரதியும் எஞ்சவில்லை.

இதே பொருளைக் கரைப்பானில் கரைத்துத் தெளிக்கத்தக்க மெருகாக டுபாண்ட் நிறுவனம் ‘டூக்கோ’ என்ற பெயரில் 1923-இல் வெளியிட்டது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்டு வண்டிகள் முதலில் இதனைப் பெற்றன. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. கித்தார்த் தொழிற்சாலைகள் இந்த வேகத்தைக் கண்டு வாளாவிருக்கவில்லை. கிப்சன், மார்ட்டின் முதலிய நிறுவனங்கள் 1920களில் அரக்கையும் வார்னிஷையும் விட்டு நைட்ரோ மெருகுக்கு மாறின. கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் 1950களில் மின்கித்தாரைத் தொகுதியாகச் செய்யத் தொடங்கியபோது கார்களின் வண்ணத்தையே எடுத்தாண்டார். புகழ்பெற்ற ‘ஃபியஸ்டா ரெட்’ 1956ஆம் ஆண்டுத் தண்டர்பேர்டு காரின் நிறம். நம் ஊர்களிலும் மரச்சாமானுக்குத் தெளிப்பு வேலை வேண்டுமானால் வாகன டிங்கரிங் பட்டறையைத் தேடிச் செல்கிறோமே, அந்த உறவு புதிதன்று.

1960களின் இறுதியில் ஃபெண்டர் தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. முழுக்கட்டை மின்கித்தாருக்கு அதனால் பெருந்தீங்கில்லை. அங்கே ஒலியைக் கவர்வது கம்பியின் கீழுள்ள காந்தச் சுருள். அதே தடிப்பு உள்ளீடற்ற கித்தாரின் முகப்பலகைக்கு வந்தால் குரல் அடைபடும். திசையன்விளை இளைஞரின் இரண்டு கித்தார்களுக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

வீணாகும் மூன்றில் இரண்டு பங்கு

பழைய வகைத் தெளிப்பான் சதுர அங்குலத்துக்கு நாற்பது, ஐம்பது பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும். துளிகள் மரத்தில் மோதித் தெறித்துவிடும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பொருளில் படியும். எஞ்சியது அறையின் காற்றில் கலக்கும். தொண்டையை ஆற்றப் பிறந்த கருவி, தொழிலாளியின் தொண்டையிலும் நுரையீரலிலும் தின்னரைப் படியவைத்தது. இந்த முரண் பல பத்தாண்டுகள் கேள்வியின்றித் தொடர்ந்தது.

அதனை மாற்றியது ஒரு நகரின் புகை. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தின் புகைமூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பிலிருந்த தென்கடற்கரைக் காற்றுத்தர நிருவாகம், 1980களில் பூச்சுவேலைக்கு விதிகளைக் கடுமையாக்கியது. தெளித்ததில் நூற்றுக்கு 65 பங்காவது பொருளில் படிய வேண்டும் என்ற அளவுகோல் இவ்வழி வந்ததே. இதற்கு ஈடுகொடுத்தது ‘மிகுகாற்று – குறையழுத்த’ வகை, கடைகளில் எச்.வி.எல்.பி. என்று கேட்டால் தருவார்கள். மூக்கில் அழுத்தம் பத்துப் பவுண்டுக்கு மேற்படாமல், காற்றின் அளவு மிகுந்து, துளிகள் மென்மையாகச் சென்று படியும். மெருகும் மிச்சம், மூச்சும் மிச்சம். நுரையீரலுக்காக வந்த மாற்றம் வீட்டில் செய்வோனின் பணப்பைக்கும் உதவியது.

திசையன்விளைக் காற்றுக்கு ஏற்றது எது?

இனி ஊருக்கு வருவோம். கடல் சில கல் தொலைவில். சுற்றிலும் தேரிச் செம்மணலும் பனைகளும். ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று காற்றாலைகளைச் சுழற்றும் வேகம் உடையது. மணலையும் சுமந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆக மெருகுவேலைக்கு இரண்டு பகைகள்: ஈரமும் தூசியும்.

நைட்ரோ மெருகில் தின்னர் விரைந்து ஆவியாகும்போது படலம் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது குளிர்ந்த பரப்பில் பனித்து, மெருகு வெளுத்துப் பால்போலாகிவிடும். இது போதாதென்று கம்ப்ரசரும் தன் பங்குக்கு நீரைச் சேர்க்கும். கடற்கரைக் காற்றை அழுத்தித் தொட்டியில் அடைத்தால், ஆறும்போது அதிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் தேங்கும்; குழாய் வழியே துளியாக மெருகில் வந்து விழும். நாள்தோறும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்தலும், குழாயில் ஈரப்பிடிப்பான் பொருத்துதலும் கட்டாயம்.

கம்ப்ரசரில் அளவும் ஒரு சிக்கல். மிகுகாற்றுத் தெளிப்பான் நிமிடத்துக்குப் பத்து முதல் பதினைந்து கன அடிக் காற்றைக் கேட்கும். வீட்டுக்கு வாங்கும் ஒரு குதிரைத்திறன் கம்ப்ரசர் மூன்று, நான்கு கன அடியே தரும். துப்பாக்கி நல்லதாக இருந்தும் பூச்சு திட்டுத்திட்டாக விழுவதற்கு இதுவே காரணமாவதுண்டு. சிறு கம்ப்ரசர் ஏற்கெனவே கையில் இருப்போர், குறைந்த காற்றில் இயங்கும் எல்.வி.எல்.பி. வகையைத் தேர்வது பொருத்தம்.

புதிதாக வாங்குவோர்க்கு விசிறிச் சுழலியால் இயங்கும் டர்பைன் வகை உண்டு. அது காற்றைத் தொட்டியில் அடைப்பதில்லை, சற்றே வெதுவெதுப்பான உலர்காற்றை இடைவிடாது தரும், நீர் தேங்குவதில்லை. நம் கடற்கரைக்கு இது ஏற்றது என்பது நம் கருத்து. சுவருக்கு வண்ணமடிக்க விற்கும் மலிவான கைமின் தெளிப்பான்களும் தம்மை இவ்வகையென்றே சொல்லிக்கொள்கின்றன. அவற்றின் துளிகள் பருமனானவை, கித்தாருக்கு ஆகா. மூக்குத்துளை 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். நீர்வழி மெருகு தெளிப்பதானால் உள்வழி துருப்பிடியா எஃகாக இருப்பது நன்று.

ஒரே ஒரு கித்தார்தான் என்போர்க்குத் தெளிப்புக் குப்பியே போதும். இல்லினாய் மாநிலத்தில் எட்வர்டு சீமோர் 1949-இல் வண்ணத்தைக் குப்பியில் அடைத்தது முதல் இவ்வசதி உண்டு. கரைப்பான் மிகுந்து பூச்சு நீர்த்திருக்குமாதலால் பலமுறை தெளிக்க நேரும். ஆனால் ஓர் இயந்திரத்தின் விலை மிச்சம்.

காலம் பார்த்தல் கருவியைப் போலவே முக்கியம். தை, மாசி மாதங்கள், பனியின் ஈரம் விலகிய முற்பகல், காற்று எழுமுன். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானியில் அளவு அறுபதுக்குக் கீழ் இருக்கவேண்டும். தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கி, அது உலர்ந்தபின் தொடங்கவேண்டும். ஒரு சாண் தொலைவில் துப்பாக்கியைப் பரப்புக்கு நேராகப் பிடித்து, முந்தைய வரியைப் பாதி மூடும்படி அடுத்த வரியை இடவேண்டும். இரண்டு பூச்சுகளுக்கிடையே நுண்மையான உப்புத்தாள்.

இவை அனைத்துக்கும் முன்னே ஒன்றுண்டு. வாயில் கட்டும் கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. கரித்தூள் நிரப்பிய வடிகுப்பிகள் பொருந்திய முகமூடி வேண்டும். இரண்டு கலவையாக வரும் பி.யூ. மெருகின் கடினமாக்கியில் ஐசோசயனேட் உள்ளது. ஒருமுறை அதற்கு ஒவ்வாமை ஏற்பட்டால் வாழ்நாள் முழுதும் ஆஸ்துமா தொடரக்கூடும். வெளியிலிருந்து தூய காற்று குழாயில் வரும் முகமூடியின்றி அதனைத் தெளித்தல் ஆகாது. ஆகவே வீட்டுக்கு அது வேண்டவே வேண்டா. நைட்ரோவின் ஆவியோ தரையோரம் தவழ்ந்து சென்று அடுப்பையோ மோட்டார் சுவிட்சின் பொறியையோ தேடும். வெடிபஞ்சின் உறவு என்பதை மறக்கலாகாது. குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டின் கொல்லையில் இவ்விரண்டுக்கும் இடமில்லை.

நாம் அவ்விளைஞருக்குச் சொன்னது இதுதான். உள்ளீடற்ற கித்தாருக்குத் தெளிப்பானே வேண்டா. அவலரக்கும் ஸ்பிரிட்டும் பஞ்சுப்பொதியும் போதும். சில நூறு ரூபாயும் சில வாரப் பொறுமையும்தான் செலவு. முகப்பலகைக்கும் அதுவே நன்மை. சன்னலைத் திறந்து வைத்து, ஸ்பிரிட் நஞ்சு என்பதையும் தீப்பற்றும் என்பதையும் மறவாமல் செய்யட்டும். பளீரென்ற நிறம் வேண்டும் மின்கித்தாருக்கு, நீர்வழி மெருகும் ஒரு சிறு டர்பைனும். முகமூடி அப்போதும் வேண்டும். தொடர்ந்து செய்யும் எண்ணம் இல்லையெனில் டர்பைனையும் தள்ளிவைத்து, குப்பியோடு நிறுத்தலாம்.

தெளிப்பான் இசைக்காகப் பிறந்ததன்று. கிடங்கில் காத்துக்கிடந்த கார்களுக்காக வளர்ந்தது. நாளொன்றுக்கு நூறு கித்தார் செய்வோனுக்கு அந்த வேகம் தேவை. ஆண்டுக்கு இரண்டு செய்வோன் எதற்காக விரையவேண்டும்? அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர் ஒரு துளியும் காற்றில் விடாமல் மெருகிட்ட அதே மாவட்டத்தில், இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்ட பிறகு கடைக்குப் போவது நல்லது. இளைஞர் இப்போது அவலரக்கை ஊறவைத்திருக்கிறார். மின்கித்தாரைத் தை பிறந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று துணி சுற்றி வைத்திருக்கிறார்.